நல்ல போர்ட் ஒயினைக் கட்டுப்படியாகும் விலையில் எங்கே வாங்குவது?

உங்கள் கேள்வி இது: லண்டனில் வசிக்கிறீர்கள், போர்ட் ஒயினில் அண்மையில் ஆர்வம் வந்திருக்கிறது, கையைக் கடிக்காத விலையில், சரியாகப் பாதுகாக்கப்பட்ட பாட்டில்களை எந்தக் கடைகளில் வாங்கலாம்? அடுத்த மாதம் போர்ட்டோ நகருக்கு நான்கு நாள் செல்லவிருப்பதால், எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி வந்துவிடலாமா? மரப்பீப்பாயில் முதிர்ந்த டானி வகைகளைப் போர்ட்டோவில் வாங்குங்கள், பாட்டிலில் முதிரும் விண்டேஜ் போர்ட்டை லண்டனிலேயே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால், நான் பெயர் சொல்லாத கடைக்குள் நுழைந்தாலும் அங்கே வாங்கலாமா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

போர்ச்சுக்கலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து செய்யப்படுவது மட்டுமே போர்ட். அந்தப் பகுதியின் எல்லையை 1756இலேயே போர்ச்சுக்கல் அமைச்சர் போம்பால் பிரபுவின் ஆட்சி வரையறுத்தது. (கோவாவில் 'போர்ட் ஒயின்' என்று எழுதி விற்கப்படும் இனிப்பு ஒயினைக் குடித்துப் பார்த்துவிட்டு, போர்ட் என்றாலே இப்படித்தான் என்று ஒதுக்கியவர்கள் நம்மில் பலர். பெயரைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை.) திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே, 77 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். அதனால் பழத்தின் இனிப்பு தங்கிவிடுகிறது, ஆல்கஹாலும் பெரும்பாலும் 19 முதல் 22 விழுக்காடு வரை நிற்கிறது. இவ்வளவு சாராயம் சேர்ந்த பானம் எந்த வெயிலையும் தாங்கும் என்று கடைக்காரர்களே நம்புவதைப் பார்த்திருக்கிறேன். போர்ட்டின் வரலாறே இதற்கு நேர்மாறானது. கோடையில் கொதிக்கும் டோரோ பள்ளத்தாக்கிலேயே வைத்தால் பீப்பாயிலுள்ள ஒயின் வெந்துபோன சுவை பெறுகிறது என்பதை வணிகர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அந்தச் சுவைக்கு 'டோரோ பேக்' என்று பெயரே உண்டு. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் பீப்பாய்களைப் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடற்காற்று படும் குளிர்ச்சியான கையாவுக்கு அனுப்பினார்கள். போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி கையா முழுக்கக் கிடங்குகளாக வளர்ந்தது அதனால்தான். 1986 வரை ஏற்றுமதிப் போர்ட் அனைத்தும் கையா வழியாகவே செல்ல வேண்டும் என்று சட்டமே இருந்தது. ஒயினைக் குளுமையான இடத்தில் வைப்பதற்காக ஓர் ஊரையே கட்டியவர்களின் சரக்கை, கடைக்காரர் ஒருவர் கண்ணாடி முகப்பில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்தால், அந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போர்ட்டில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, பீப்பாயிலேயே முதிர்ந்து, குடிக்கத் தயாரான நிலையில் பாட்டிலுக்கு வருவது. 10, 20, 30, 40 ஆண்டு என்று எழுதியிருக்கும் டானியும், ஒரே ஆண்டின் அறுவடையைக் குறைந்தது 7 ஆண்டு மரத்தில் வைத்துச் செய்யும் கொல்யேட்டாவும் இந்த வகை. மற்றொன்று, அறுவடைக்குப் பின் இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டிலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டு, அதன் பிறகு பத்து, இருபது, சில வேளை ஐம்பது ஆண்டுகள் பாட்டிலுக்குள் முதிரும் விண்டேஜ். முதல் வகைக்கு முதுமை தருவது தயாரிப்பாளரின் கிடங்கு. இரண்டாவது வகை முதிர்வதோ, அதை இடையில் யார் யார் வைத்திருந்தார்களோ அவர்களுடைய அலமாரிகளில். ஆகவே முதல் வகையில் நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கிடங்கைவிட்டுப் பாட்டில் எவ்வளவு காலத்துக்கு முன் வெளியே வந்தது என்பதை. இரண்டாவது வகையில், அது இத்தனை ஆண்டும் எங்கே கிடந்தது என்பதை.

போர்ட்டோவில் டானி வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். 'எங்கரஃபாடு எம்' என்ற போர்ச்சுக்கீசியச் சொற்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது பாட்டிலில் அடைத்த ஆண்டு. கொல்யேட்டாவில் இது கட்டாயம் இருக்கும், ஆண்டு குறித்த டானிகளிலும் காணலாம். டானி பாட்டிலில் முதிர்வதில்லை, நாளாக நாளாகத் துலக்கம்தான் மங்கும். ஓரிரு ஆண்டுக்குள் அடைத்த 10 ஆண்டு டானியில் வறுத்த பாதாம், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அதே சரக்கு எட்டு ஆண்டு கடையில் நின்றிருந்தால் பொதுவான ஓர் இனிப்பு மட்டும் மிஞ்சும். கொல்யேட்டாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2000ஆம் ஆண்டுக் கொல்யேட்டா ஒன்றை 2010இல் அடைத்ததும் 2023இல் அடைத்ததும் பெயரில் ஒன்றே தவிர, இரண்டாவது மேலும் 13 ஆண்டு மரத்தில் இருந்த வேறு ஒயின். விலை ஒன்றாக இருந்தால் பின்னதையே எடுங்கள். அதிக விலை கேட்டாலும் பெரும்பாலும் அது தகும்.

கடைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆற்றங்கரை ரிபெய்ரா பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் நினைவுப் பொருள் கடைகளில், ஓடுகளுக்கும் மத்தி மீன் டப்பாக்களுக்கும் நடுவே நிற்கும் போர்ட்டை வாங்க வேண்டாம். அங்கே விலையும் கூடுதல், பாட்டில் எத்தனை கோடை கண்டது என்பதும் தெரியாது. கையாவில் உள்ள நிறுவனங்களின் கிடங்குகளுக்குக் கட்டாயம் செல்லுங்கள். கோப்க்கே, டெய்லர்ஸ், கிரஹாம்ஸ், ஃபெரெய்ரா, ராமோஸ் பின்டோ என ஒன்றுக்கொன்று நடக்கக்கூடிய தொலைவில் இருக்கின்றன, டெய்லர்ஸும் கிரஹாம்ஸும் மட்டும் சற்று மேட்டில். அங்கே விற்கும் பாட்டில் பாதுகாப்பில் குறையிருக்க வழியே இல்லை. ஆனால், தயாரிப்பாளரிடம் நேரே வாங்கினால் மலிவு என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. நகரத்துக் கடைகளையும் பேரங்காடிகளையும் விடக் கிடங்கின் விலை பல வேளைகளில் கூடுதலாகவே இருக்கும். அங்கே சுவைத்துப் பாருங்கள், எது பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் கிடைக்காத பழைய கொல்யேட்டா இருந்தால் அதை மட்டும் வாங்குங்கள்.

மற்றவற்றை வாங்கச் சரியான இடம் 'கர்ரஃபெய்ரா' என்று அந்த ஊரில் சொல்லப்படும் ஒயின் கடை. போர்ட்டோவில் கார்மு தெருவிலுள்ள கர்ரஃபெய்ரா டு கார்மு, பழைய கொல்யேட்டாவுக்கும் விண்டேஜுக்கும் பெயர் பெற்றது. லிஸ்பன் வழியாகச் செல்வதாக இருந்தால், 1927இல் தொடங்கிய கர்ரஃபெய்ரா நசியொனாலையும் பாருங்கள். இத்தகைய கடையில் கண்ணுக்குத் தெரியும் அலமாரியில் இருப்பதைவிட உள்ளே இருப்பது முக்கியம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: வேண்டிய பெயரைச் சொல்லி, "இதே சரக்கு உள்ளே பெட்டியில் இருக்கிறதா?" என்று கேட்பேன். நல்ல கடைக்காரர் முகம் மலர்ந்து உள்ளே போய், கை பட்டாலே குளிரும் பாட்டிலோடு திரும்பி வருவார். எல்லாமே அலமாரியில்தான் இருக்கிறது என்று சொல்பவரிடம் ரூபி எனப்படும் இளம் சிவப்புப் போர்ட்டும் புதிதாக அடைத்த டானியும் வாங்கலாம். முப்பது ஆண்டு விண்டேஜ் வாங்கக் கூடாது. அன்றாடம் குடிப்பதற்கான 10 ஆண்டு டானிக்குப் பேரங்காடியே போதும். கொன்ட்டினென்ட்டே, பிங்கு டோஸ் போன்றவற்றில் சரக்கு வேகமாக விற்றுத் தீர்வதால் பழையது தேங்குவதில்லை, விலையும் குறைவு. பாட்டில் கழுத்தில் டோரோ, போர்ட்டோ ஒயின் நிறுவனம் என்ற அரசு அமைப்பின் எண்ணிட்ட முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது சரக்கு அசல் என்பதற்கு உறுதி. எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது.

இனி விண்டேஜ். இதில் எனக்கு ஏற்பட்ட ஒரு நட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலிருந்து கற்றதைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். லண்டனில் ஒரு தெருமுனைக் கடையில், மேல் தட்டில், விளக்குக்கு நேர் கீழே 1983ஆம் ஆண்டு விண்டேஜ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. படுத்துக் கிடக்க வேண்டிய பாட்டில் நின்றுகொண்டிருந்ததையே நான் கவனித்திருக்க வேண்டும். மற்ற இடங்களைவிடப் பத்துப் பவுண்டு குறைவு என்றதும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தக்கையை மூடியிருந்த உறையை அகற்றியபோது அதன் அடியில் காய்ந்த பாகு போல ஒரு கறுப்புக் கசிவு ஓடியிருந்தது. தக்கை கழுத்து விளிம்புக்கு ஒரு மயிரிழை மேலே வந்திருந்தது. தக்கைத் திருகியை வைத்து அழுத்தியதும் தக்கை உள்ளே விழுந்தது. ஒயின் தேநீர் நிறத்தில் இருந்தது. கருகிய வெல்லமும் காடியும் சேர்ந்த வாடை. சில மாதம் கழித்து, அதே நிறுவனத்தின் அதே 1983, வெளியான நாள் முதல் பிணைக் கிடங்கிலேயே (வரி செலுத்தாத சரக்கை வைக்கும், அரசு அனுமதி பெற்ற கிடங்கு) இருந்தது என்ற உறுதியோடு விற்கப்பட்டதை வாங்கித் திறந்தேன். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம், கறுப்பு நாவல்பழமும் மிளகும் கலந்த மணம். இரண்டு பாட்டிலிலும் ஒரே தோட்டத்து ஒயின், ஒரே நாளில் அடைத்ததாகக்கூட இருக்கலாம். நடுவில் கழிந்த காலத்தை அவை எங்கே கழித்தன என்பது மட்டுமே வேறு.

ஆகவே பழைய விண்டேஜைக் கையில் எடுத்தால் முதலில் விளக்கில் பிடித்து ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துக்குள் நின்றால் நன்று. முப்பது ஆண்டு கடந்ததில் கழுத்தின் அடிவரை இறங்கியிருப்பது இயல்பு. தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் வைத்துவிடுங்கள். உறையை விரலால் தடவிப் பாருங்கள். பிசுக்கு ஒட்டினாலோ, உறையின் மேற்பகுதி புடைத்திருந்தாலோ, வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது என்று பொருள். ஒட்டுச்சீட்டில் ஈரக் கறையோ பூஞ்சைத் தடமோ இருந்தால் மிரளாதீர்கள். ஈரப்பதமான நிலவறையில் கிடந்ததற்கு அதுவே சான்று, நான் அதை விரும்பவே செய்வேன். பளபளவென்ற சீட்டோடு வெயிலில் நின்ற பாட்டிலைவிட அழுக்குச் சீட்டோடு இருட்டில் கிடந்த பாட்டில் எவ்வளவோ மேல். சில பழைய பாட்டில்களின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தெறித்த கறை இருக்கும்; எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான அடையாளம் அது, எடுத்து வைக்கும்போதும் மண்டி கலையாதிருக்க அந்தப் பக்கத்தையே மேலே வைப்பார்கள்.

விண்டேஜுக்கு லண்டனைச் சொல்வதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக அதை வாங்கி நிலவறையில் வைத்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷார் என்பதே. அதனால் முதிர்ந்த விண்டேஜ் இங்கே நிறையக் கிடக்கிறது. போர்ட்டோ கடைகளில் அது அபூர்வப் பொருளின் விலைக்கு ஏறிவிடுகிறது. இங்கே நீங்கள் தேட வேண்டியது, 'பிணைக் கிடங்கில் உள்ளது' என்று குறிப்பிட்டு விற்கும் வணிகர்களை. வரி செலுத்தாத ஒயினை அரசின் அனுமதி பெற்ற கிடங்குகளில் வைத்திருப்பார்கள். வில்ட்ஷயரில் கார்ஷம் அருகே பழைய கல் சுரங்கமொன்றே இப்படி ஒயின் கிடங்காக இருக்கிறது. வெளியே என்ன பருவமானாலும் உள்ளே அதே குளிர்தான். வெளியான நாளிலிருந்து அங்கேயே இருந்த பெட்டி என்றால், அதைவிட நல்ல சான்று எதுவும் இல்லை. காட்டப்படும் விலையோடு மதுவரியும் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேரும் என்பதை மறக்காதீர்கள். பல இடங்களில் பெட்டியாகத்தான் தருவார்கள், எனவே இரண்டு நண்பர்களோடு பங்கு போடுவது நல்லது.

பெட்டி வேண்டாம், ஒன்றிரண்டு போதும் என்றால் ஸ்டீவனேஜில் உள்ள ஒயின் சொசைட்டியில் உறுப்பினராகிவிடுங்கள். 1874இல் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு. 40 பவுண்டுக்கு ஒரு பங்கு வாங்கினால் வாழ்நாள் உறுப்பினர். லாபத்தைப் பங்கு பிரிக்கும் நோக்கம் இல்லாததால் விலை நியாயமாக இருக்கும், சேமிப்பு முறையோ யாரும் குறை சொல்ல முடியாதது. உங்கள் சொந்தப் பெட்டியைக் கட்டணத்துக்கு அவர்களே வைத்துக்கொள்ளவும் செய்வார்கள். 1698 முதல் இயங்கும் லண்டன் ஒயின் வணிகர்களான பெரி பிரதர்ஸ் அண்ட் ரட் விலையில் சற்று மேல். ஆனால் அவர்களிடம் ஒயினை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் ஒரு சந்தையை நடத்துகிறார்கள். அங்கே விற்பனைக்கு வருவது அவர்களுடைய கிடங்கிலேயே இருந்த பெட்டி என்பதால் கவலையில்லாமல் வாங்கலாம். ஏலத்தில் விலை இன்னும் குறையக்கூடும். அதில் வாங்குவோர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், பாட்டிலின் நிலை குறித்த விவரத்தை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே ஏலத்துக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

விலை கட்டுப்படியாக வேண்டும் என்கிறீர்கள். பிரிட்டனில் மதுவரி ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. 20 விழுக்காடுள்ள போர்ட்டுக்கு, அது எட்டுப் பவுண்டுப் பாட்டிலானாலும் எண்பது பவுண்டுப் பாட்டிலானாலும், மதுவரி ஒன்றேதான். மிக மலிவான ரூபியை வாங்கும்போது உங்கள் பணத்தில் பெரும்பங்கு வரிக்கே போகிறது. அதற்கு மேல் நான்கைந்து பவுண்டு கூட்டிக் கொடுத்தால் அந்தத் தொகையில் பெரும்பகுதி ஒயினுக்குப் போகும். அந்த இடத்தில்தான் எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ், அதாவது தாமதமாக அடைத்த விண்டேஜ்) நிற்கிறது. ஒரே ஆண்டு அறுவடையை நான்கு முதல் ஆறு ஆண்டு வரை பீப்பாயில் வைத்துப் பாட்டிலுக்கு மாற்றுவது இது. இதில் வடிகட்டாதது எது என்று தேடுங்கள். சீட்டில் 'வடிகட்டப்படாதது' என்று எழுதியிருக்கும், மூடி கையால் திருகி எடுப்பதாக இல்லாமல் நீளத் தக்கையாக இருக்கும். நீப்போர்ட், கின்ட்டா டு நொவால், வாரெஸ், ஸ்மித் உட்ஹவுஸ் ஆகியவை அத்தகைய எல்.பி.வி.க்குப் பெயர் பெற்றவை. விண்டேஜின் ஆழத்தில் பாதியாவது நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பிரிட்டிஷ் பேரங்காடிகள் எல்.பி.வி. விலையைக் குறைப்பது வழக்கம். ஆண்டுக்கு வேண்டியதை அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

விண்டேஜில் சிக்கனம் வேண்டுமானால், பொது அறிவிப்புச் செய்யாத ஆண்டுகளில் ஒரே தோட்டத்திலிருந்து செய்யப்படும் பாட்டில்களைக் கேளுங்கள். 1994, 2000, 2011, 2016 போன்ற ஆண்டுகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் விண்டேஜாக அறிவித்தன, விலையும் அதற்கேற்ப. இடைப்பட்ட ஆண்டுகளில் டெய்லர்ஸ் தன் வார்கெல்லாஸ் தோட்டத்தின் பெயரிலும், கிரஹாம்ஸ் மல்வேடோஸ் பெயரிலும், டவ்ஸ் பொன்ஃபிம் பெயரிலும் தனியாக வெளியிடுகின்றன. அதே தோட்டம், அதே கைகள். விலை மட்டும் குறைவு, முதிர்வதும் சற்று விரைவு. கூல்ட் கேம்பல், ஸ்மித் உட்ஹவுஸ் போன்ற அதிகம் பேசப்படாத பெயர்களின் 1980, 1983, 1985 விண்டேஜுகளும் ஏலப் பட்டியல்களில் வந்துகொண்டிருக்கின்றன; பெரிய பெயர்களுக்குக் கொடுப்பதைவிடக் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தால் போதும். 'கிரஸ்டட்' என்ற வகையையும் கவனியுங்கள். பல ஆண்டுக் கலவையை வடிகட்டாமல் அடைத்து, பாட்டிலில் மூன்று ஆண்டாவது வைத்திருந்து விற்பது. மண்டி படியும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, மெல்லிய துணியில் வடித்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

போர்ட்டோவிலிருந்து எடுத்து வருவது எளிது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குள் வருபவர், சாராய வகைகள் எதுவும் கொண்டுவராத நிலையில், 22 விழுக்காட்டுக்கு மேற்படாத போர்ட் போன்ற ஒயினை 9 லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுவரலாம், அதாவது 12 பாட்டில். அந்த வரியைச் செலுத்தாததே உங்கள் பயணத்தில் பெரிய சேமிப்பு. 24 விழுக்காட்டுக்குக் கீழ் என்பதால் பதிவுப் பெட்டியில் வைக்க விமானப் பாதுகாப்பு விதிகளும் தடை சொல்வதில்லை; பெட்டியின் எடைதான் வரம்பு, ஒரு பாட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். மீதியை ஊருக்குச் சென்னை வழியாக எடுத்துச் செல்லும் எண்ணமிருந்தால், இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர்தான். விமானப் பயணத்தின் குலுக்கலுக்குப் பிறகு டானிக்கு ஓரிரு நாள் ஓய்வு போதும்; பழைய விண்டேஜாக இருந்தால் மண்டி மீண்டும் படிய இரண்டு மூன்று வாரம் வேண்டும். விண்டேஜை இங்கேயே வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், நான்கு நாளில் முதல் நாளைக் கையாவில் சுவைப்பதற்கே கொடுப்பேன். இரண்டாம் நாள் பேரங்காடியில் 10 ஆண்டு டானி நான்கு, கார்மு தெருவில் அண்மையில் அடைத்த 20 ஆண்டு டானி ஒன்று, நீங்களோ துணைவரோ பிறந்த ஆண்டின் கொல்யேட்டா கிடைத்தால் அது ஒன்று, அவ்வளவுதான். திரும்பி வந்த பிறகு, படிக்கட்டுக்கு அடியில் வெப்பக் குழாய் எதுவும் ஓடாத ஓர் இருட்டு மூலையைத் தேடி, டானியை நிமிர்த்தியும், பிறகு வாங்கப்போகும் விண்டேஜைப் படுக்கவைத்தும் அடுக்குங்கள். திறந்த டானி குளிர்பெட்டியில் ஒரு மாதமேனும் நன்றாக இருக்கும். விண்டேஜைத் திறந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும், ஆகவே அதைத் திறக்கும் மாலைக்கு நான்கு பேரையாவது அழைத்துக்கொள்ளுங்கள்.